விறகு சுமந்த மாணவர்: அருளாளர் பிரடெரிக் ஓசானாம்

செப்டம்பர் 8, அன்னை மரியாவின் பிறப்பு விழா. தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து காவி உடுத்திப் புறப்பட்ட நம்மவர் பலர் அன்று வேளாங்கண்ணிக் கடற்கரையில் இருப்பார்கள். ஊரில் தங்கியவர்கள் புது நெற்கதிரும் பூவுமாக ஆலயத்தில் கூடுவார்கள். அந்த ஆரவாரத்தில், அதே நாளில் இறையடி சேர்ந்த ஒருவரை நாம் நினைப்பதில்லை. 1853ஆம் ஆண்டு செப்டம்பர் 8 அன்று, பிரான்சு நாட்டின் மார்செய் துறைமுக நகரில், நாற்பதே வயதான ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியர் மனைவியும் உடன்பிறந்தோரும் அருகிருக்க உயிர் நீத்தார். அவர்தாம் பிரடெரிக் ஓசானாம். அன்னையின் விழா அந்த நாளில் வருவதால் அவருடைய நினைவு நாள் மறுநாள், செப்டம்பர் 9 அன்று வைக்கப்பட்டுள்ளது.

பெயர் தெரியாவிட்டாலும் அவர் தொடங்கி வைத்த வேலை நமக்கு நன்றாகத் தெரியும். ஆலய வாசலில் ஏழைகளுக்கென வைத்திருக்கும் உண்டியல், ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஓர் ஓரமாகக் கூடிப் பேசும் நாலைந்து பெரியவர்கள், மாதந்தோறும் சில வீடுகளுக்குப் போய்ச் சேரும் அரிசிப் பை, இவை எல்லாம் புனித வின்சென்ட் தே பவுல் சபையின் அடையாளங்கள். அந்தச் சபையைப் புனித வின்சென்ட் தே பவுலே தொடங்கினார் என்றுதான் நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். புனிதர் 1660லேயே மறைந்துவிட்டார். சபை தோன்றியது 1833இல். தொடங்கியவர்கள் ஆயரோ குருவோ துறவியோ இல்லை. கல்லூரி மாணவர்கள்!

இந்த வரலாற்றை நம் பகுதி மாணவர்களுக்குச் சொல்லவேண்டிய தேவை இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. ஜூன் பிறந்து சாரல் தொடங்கிவிட்டால் குற்றாலத்தில் கல்லூரிப் பிள்ளைகளின் கூட்டத்தைப் பார்க்க வேண்டுமே. ஒரே நிறத்தில் பனியன் அடித்துக்கொண்டு, முதுகில் தங்கள் செட்டின் பெயரைப் போட்டுக்கொண்டு, வேன் பிடித்து வருகிறார்கள். பேரருவியில் ஒருவன் வழுக்கினால் பத்துக் கைகள் நீளுகின்றன. ஒருவன் பணம் கொண்டுவரவில்லை என்றால் மற்றவர்கள் அவன் சாப்பாட்டுக்குக் கொடுக்கிறார்கள். இளமையின் நட்பு இறைவன் தந்த கொடை. அதைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை.

ஆனால் அதே நட்புக்கு வேறொரு முகமும் நம் மண்ணில் உண்டு. நெல்லைச் சீமைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணிக்கட்டில் கட்டும் வண்ணக் கயிறு எந்தச் சாதி என்று சொல்லும் கயிறாக இருப்பதை நாடே பேசியது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனும் அவன் தங்கையும் சொந்த வீட்டிலேயே வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்களில் உடன் படித்தவர்களே இருந்தார்கள். அதன்பின் அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அவர்களின் குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் இந்த வண்ணக் கயிறுகளைத் தடை செய்யவேண்டும் என்றது. அந்தக் கயிற்றைக் கட்டியவர்களும் அதைச் சகோதரத்துவம் என்றே சொல்லியிருப்பார்கள். மாணவர் நட்பு எதனால் கெடுகிறது, எதனால் உயர்கிறது என்ற கேள்வி நம் வீட்டு வாசலில் நிற்கிறது. ஓசானாமின் வாழ்வை அந்தக் கேள்வியோடு பார்ப்போம்.

அவர் பிறந்தது 1813 ஏப்ரல் 23 அன்று, இத்தாலியின் மிலான் நகரில். அப்போது அது நெப்போலியனின் ஆட்சியில் இருந்தது. தந்தை முன்பு அவருடைய படையில் வீரர். பின்னர் மருத்துவம் படித்தவர். நெப்போலியன் வீழ்ந்ததும் 1816இல் குடும்பம் சொந்த நாடான பிரான்சின் லியோன் நகருக்குத் திரும்பியது. பெற்றோருக்குப் பதினான்கு பிள்ளைகள். பெரும்பாலோர் சிறு வயதிலேயே இறந்தார்கள். மூன்று ஆண்மக்களே வளர்ந்து ஆளானார்கள். மூத்தவர் குருவானார், இளையவர் தந்தையைப் போல மருத்துவரானார், நடுவர் நம் பிரடெரிக். அவருக்கு முதன்முதலில் எழுத்துச் சொல்லிக்கொடுத்த அக்காள் எலிசா பத்தொன்பது வயதில் இறந்தபோது அந்தச் சிறுவன் பட்ட துயரம் வாழ்நாள் முழுவதும் அவருடன் இருந்தது.

தந்தை ஏழை நோயாளிகள் பலரிடம் பணம் வாங்காமல் வைத்தியம் பார்த்தவர். தாயும் வேறு சில பெண்களோடு சேர்ந்து ஏழை நோயாளிகளின் வீடுகளுக்குப் போய் இரவு கண்விழித்துப் பார்த்துக்கொண்டவர். இருவரும் வயதானபின், மாடிப்படிகள் ஆபத்து என்பதால் இத்தனை மாடிக்கு மேல் ஏறக்கூடாது என்று ஒருவருக்கொருவர் கட்டளை போட்டுக்கொண்டார்களாம். பிறகு இருவருமே ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் ஏறிப்போய் அகப்பட்டுக்கொண்டதாகச் சொல்வார்கள். விளையாட்டாகச் சொல்லும் இந்தக் கதையின் முடிவு விளையாட்டாக இல்லை. 1837இல் ஒரு ஏழை நோயாளியின் வீட்டுப் படிக்கட்டில் விழுந்துதான் தந்தை இறந்தார்.

பதினைந்து, பதினாறு வயதில் பிரடெரிக்குக்கு விசுவாசத்தில் பெரும் தடுமாற்றம் வந்தது. அந்த நாளைய பிரான்சில் படித்தவர்கள் நடுவே மறையை நம்புவது பின்தங்கியவர்களின் வேலை என்ற எண்ணம் பரவியிருந்தது. பிள்ளை இரவெல்லாம் தூக்கமின்றித் தவித்தார். ஆலயத்துக்குள் போய், உண்மையைக் காட்டினால் அதற்கே என் வாழ்வைத் தருவேன் என்று நேர்ந்துகொண்டார். அவருக்குத் தத்துவம் கற்பித்த அருட்தந்தை நுவாரோ அவரைக் கண்டிக்கவில்லை. மாலை வேளைகளில் தம்மோடு நடக்க அழைத்துச் சென்று, அவர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். ஐயம் கேட்கும் பிள்ளையை அதட்டி அனுப்பும் நம் மறைக்கல்வி ஆசிரியர்கள் இந்தக் குருவை அறிந்துகொள்வது நல்லது.

1831இல் சட்டம் படிக்கப் பாரிஸ் சென்றார். பதினெட்டு வயது. தென்காசியிலிருந்து சென்னைக்கு முதன்முதல் படிக்கப்போகும் பிள்ளையின் நிலைதான். பெரிய நகரம், தெரியாத முகங்கள், விடுதியில் மறையைக் கேலி செய்யும் கூட்டம். அவருக்கு நல்லூழ், மின்னியல் அறிஞர் ஆந்த்ரே மரி ஆம்பியர் தம் வீட்டில் தங்க இடம் கொடுத்தார். மின்னோட்டத்தை அளக்கும் அலகுக்கு நாம் இன்று ஆம்பியர் என்று சொல்வது அவர் பெயரால்தான். அத்தனை பெரிய அறிஞர் ஒரு நாள் ஆலயத்தின் ஓரத்தில் முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்ததைப் பிரடெரிக் கண்டதாகவும், அந்தக் காட்சி பல மறையுரைகளைவிட அவர் மனத்தில் பதிந்ததாகவும் சொல்லப்படுகிறது.

மறு ஆண்டு, 1832இல், பாரிசைக் காலரா தாக்கியது. அந்த நகரில் மட்டும் 18,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நெருக்கமான ஏழைத் தெருக்களில்தான் சாவு அதிகம். படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் பிண வண்டிகளைப் பார்த்துக்கொண்டே வகுப்புக்குப் போனார்கள்.

வகுப்பிலோ சில பேராசிரியர்கள் திருச்சபையைத் தாக்கிப் பேசினார்கள். ஓசானாமும் அவருடைய நண்பர்களும் மரியாதையாகவும் உறுதியாகவும் எழுத்தில் மறுப்புத் தெரிவித்தனர். வகுப்புக்கு வெளியே அவர்களுக்கு ஒரு கூடுமிடம் இருந்தது. எம்மானுவேல் பாயி என்ற கத்தோலிக்கப் பத்திரிகையாளர், நாற்பதை நெருங்கியவர், மாணவர்கள் கூடிப் பேச இடம் கொடுத்து ஆதரித்தார். வரலாறு, இலக்கியம், தத்துவம் எனப் பல பொருள்கள் பற்றி அங்கு விவாதம் நடக்கும். விசுவாசிகள் மட்டுமல்ல, மறையை ஏற்காதவர்களும் வரலாம், பேசலாம். இளைஞர் ஓசானாம் அங்கே நன்றாகப் பேசினார் என்று பெயர் வாங்கினார்.

ஒரு நாள் அந்த விவாதத்தில் மாற்றுக் கருத்துடைய மாணவர் ஒருவர் எழுந்தார். கிறிஸ்தவம் பழங்காலத்தில் பெரிய காரியங்களைச் செய்தது என்பதை அவர் மறுக்கவில்லை. இன்று அது என்ன செய்கிறது என்றுதான் கேட்டார். கத்தோலிக்கர் என்று பெருமை பேசும் நீங்கள் ஏழைகளுக்கு என்ன செய்கிறீர்கள் என்பது அவருடைய கேள்வி. ஓசானாமிடம் வாதங்கள் பல இருந்தன. அந்தக் கேள்விக்கு மட்டும் வாதம் உதவாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கேட்டவர் பகைவர் என்று ஒதுக்கியிருக்கலாம். அவர் சொன்னது உண்மை என்று ஏற்றுக்கொண்டதில்தான் எல்லாம் தொடங்கியது.

அன்று கூட்டம் முடிந்தபின் ஓசானாமும் அவருடைய நண்பர் ஒகுஸ்த் லெ தாயாந்தியேவும் தங்களிடம் மிச்சமிருந்த விறகைச் சுமந்துகொண்டு போய், தங்களுக்குத் தெரிந்த ஓர் ஏழையின் வீட்டில் கொடுத்தார்கள் என்பது மரபாகச் சொல்லப்படும் செய்தி. பாரிசின் குளிரில் விறகு என்றால் உயிர். மாணவர் அறையில் அதுவும் அளந்து எரிக்கிற பொருள். தங்களுக்கு வேண்டியதையே கொடுத்தார்கள்.

1833 ஏப்ரல் 23. ஓசானாமுக்கு அன்று இருபது வயது நிறைந்தது. பாயியின் பத்திரிகை அலுவலகத்தில் ஏழு பேர் கூடினார்கள். பாயியைத் தவிர மற்ற ஆறு பேரும் மாணவர்கள்: ஓசானாம், லெ தாயாந்தியே, பால் லாமாஷ், பிரான்சுவா லாலியே, பெலிக்ஸ் கிளாவே, ஜூல் தெவோ. வயதில் மூத்த பாயி தலைவரானார். தெவோ கணக்குப் பார்த்தார். ஓசானாம் சபைக்கு ஒருபோதும் தலைவராக இருந்ததில்லை என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். தாம் ஒருவரே தொடங்கியதாக அவர் உரிமை கொண்டாடியதும் இல்லை. நம் ஊர்ச் சங்கங்களில் கல்வெட்டில் யார் பெயர் முதலில் வருவது என்று நடக்கும் சண்டைகளை அறிந்த நமக்கு இது சிறிய செய்தியாகப் படவில்லை.

கூடிவிட்டார்கள். யாரிடம் போவது, என்ன கொடுப்பது என்பது ஒருவருக்கும் தெரியாது. அப்போது பாரிசின் மிக ஏழ்மையான மூப்தார் பகுதியில் பல ஆண்டுகளாக உழைத்துவந்த அன்புப் புதல்வியர் சபைச் சகோதரி ரோசலி ரெந்துவிடம் போனார்கள். 2003இல் அருளாளராக உயர்த்தப்பட்ட அதே சகோதரிதான். அவர் இந்தப் பிள்ளைகளுக்குக் குடும்பங்களின் முகவரிகளைக் கொடுத்தார். ரொட்டிக்கும் விறகுக்கும் உரிய சீட்டுகளைக் கொடுத்தார். ஏழையின் வீட்டுக்குள் எப்படி நுழைவது, எப்படி உட்காருவது, எப்படிப் பேசுவது என்பதையும் கற்றுக்கொடுத்தார். இன்றைய சபையின் வழக்கங்கள் பலவும் அந்த முதல் மாதங்களில் உருவானவைதாம். வாரம் தவறாமல் கூடுவது, செபத்தோடு தொடங்குவது, பார்த்துவந்த குடும்பங்களைப் பற்றி ஒவ்வொருவரும் சொல்வது, முடிவில் தொப்பியைச் சுற்றி அனுப்பி யார் எவ்வளவு போட்டார் என்று தெரியாதபடி காணிக்கை எடுப்பது. கூட்டத்தில் அரசியல் பேசக்கூடாது என்றும் முடிவு செய்தார்கள். ஒரு புரட்சி ஓய்ந்து மறு புரட்சி காத்திருந்த நாட்டில், வெவ்வேறு கட்சிச் சார்புள்ள இளைஞர்கள் ஒரே மேசையில் உட்கார அதுவே வழி செய்தது.

ஓசானாமுக்குக் கிடைத்த முதல் குடும்பத்தில் குடிகாரக் கணவன், அடிபடும் மனைவி, பசித்த குழந்தைகள். அவர் ரொட்டிச் சீட்டைக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். உட்கார்ந்து கேட்டதால் அந்தப் பெண்ணுக்கும் அவனுக்கும் முறைப்படித் திருமணமே நடக்கவில்லை என்று தெரிந்தது. சட்ட மாணவர் அல்லவா? அவள் அவனிடமிருந்து விடுபட்டுச் சொந்த ஊரில் தாயிடம் போய்ச் சேர வழி செய்து, நண்பர்களிடம் பயணச் செலவுக்குப் பணம் திரட்டினார். மூத்த பையன்களுக்குப் பாயியின் அச்சகத்தில் வேலை வாங்கிக் கொடுத்தார். கொடுப்பவர், வாங்குபவர் என்ற எல்லை அந்த வீட்டில் அழிந்துவிட்டதை நாம் காண்கிறோம். ஏழையின் வீட்டில் நுழையும்போது தொப்பியைக் கழற்றி, பெரிய மனிதர் முன் நிற்பதுபோல் நின்றே வணக்கம் சொல்வது கடைசிவரை அவர் வழக்கம்.

இனி நாம் முக்கியமாகக் கருதும் பகுதிக்கு வருவோம். ஏழு பேரும் நெருங்கிய நண்பர்கள் ஆகிவிட்டார்கள். அந்த மேசையைச் சுற்றி இருந்த இனிமை அவர்களுக்குப் பெரிதாகப் பட்டது. அதனால் எட்டாவதாக ஒருவரைச் சேர்க்கலாமா என்று கேட்டபோதே சிலர் தயங்கினார்கள். நமக்குள் இருக்கும் ஒற்றுமை போய்விடும் என்று அஞ்சினார்கள். ஆயினும் சேர்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருவர் இருவராக வந்து, 1834 முடிவதற்குள் நூறு பேரளவில் ஆகிவிட்டார்கள். ஓர் அறை கொள்ளவில்லை. ஒவ்வொருவரும் தம் குடும்பத்தைப் பற்றிப் பேச நேரமில்லை. கூட்டத்தைப் பிரித்துவிடலாம் என்றார் ஓசானாம்.

அந்த ஆண்டின் கடைசி நாட்களில் அதன்மேல் நடந்த விவாதம் அந்த இளைஞர்களை உலுக்கிவிட்டது. முதல்நாள் விறகு சுமந்த லெ தாயாந்தியேவே பிரிவினையை எதிர்த்தார். சிலர் அழுதேவிட்டார்கள். நண்பர்களைப் பிரிப்பதற்காகவா நட்பைத் தொடங்கினோம் என்பது அவர்கள் வருத்தம். அந்த வருத்தம் பொய்யானது என்று நாம் சொல்லமாட்டோம். ஓசானாமுக்கும் அதே நண்பர்கள்மேல் அதே அன்பு இருந்தது. ஆனால் தங்கள் அறையின் இனிமையைக் காப்பதற்காக வெளியே ஏழைகளின் வீடுகள் எண்ணிக்கையில் குறைந்துபோவதை அவரால் ஏற்க முடியவில்லை. முடிவில் 1835 தொடக்கத்தில் பங்குகளின் அடிப்படையில் பிரிந்தார்கள். அதே ஆண்டு லாலியேயும் பாயியும் சேர்ந்து சபைக்கு விதிமுறை எழுதினார்கள். படிப்பு முடிந்து சொந்த ஊர் திரும்பிய மாணவர் ஒவ்வொருவரும் அங்கே ஒரு கிளையைத் தொடங்கினார். பிரிந்ததால்தான் பரவியது.

அழைத்துக்கொண்ட ஏழு பேரோடு கதவைச் சாத்தியிருந்தால் அது பாரிசின் பல மாணவர் குழுக்களில் ஒன்றாக இருந்து மறைந்திருக்கும். குழு யாருக்காகக் கூடுகிறது என்பதில்தான் வேறுபாடு இருந்தது. நம் பிள்ளைகள் கயிறு கட்டிச் சேரும் குழுவில் ஒருவன் யார் என்பதை அவன் பிறப்பு முன்பே முடிவு செய்துவிடுகிறது. ஓசானாமின் குழுவில் ஒவ்வொரு வாரமும் தங்களில் ஒருவராக இல்லாத ஒரு மனிதரின் படியேறவேண்டும். ஏறாதவருக்கு மேசையில் சொல்ல ஒன்றுமிருக்காது.

படிப்பும் தொடர்ந்தது. 1836இல் சட்டத்தில் முனைவர் பட்டம், 1839இல் கவிஞர் தாந்தேயைப் பற்றிய ஆய்வுக்காக இலக்கியத்தில் மற்றொரு முனைவர் பட்டம். இதற்கிடையில், பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்தில் இக்காலப் படித்தவர்களுக்கு ஏற்ற மறையுரைகள் வேண்டும் என்று அவரும் நண்பர்களும் பேராயரிடம் இருமுறை விண்ணப்பித்தனர். அதன் பயனாக 1835 தவக்காலத்தில் லாக்கோர்தேர் என்ற புகழ்பெற்ற குரு அங்கே மறையுரை ஆற்ற, பேராலயம் நிரம்பி வழிந்தது. இருபது வயதுப் பிள்ளைகள் பேராயரைப் பார்த்துக் கேட்டார்கள் என்பதைவிட, பேராயர் காது கொடுத்தார் என்பதும் நினைக்கத்தக்கது.

1839இல் லியோனில் வணிகச் சட்டம் கற்பிக்கும் வேலை. பட்டு நெசவாளர்கள் கூலிக்காக இருமுறை கிளர்ந்து ஒடுக்கப்பட்ட ஊர் அது. அங்கே தம் வகுப்புகளில் தொழிலாளியை ஒரு கருவிபோல நடத்தும் முறையைக் கண்டித்தார். உழைப்பவர் குடும்பத்தோடு வாழவும், பிள்ளைகளைப் படிக்கவைக்கவும், முதுமையில் பசியின்றி இருக்கவும் போதுமான கூலி வேண்டும் என்று சட்ட மாணவர்களுக்குச் சொன்னார். திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ தொழிலாளர் பற்றிய தம் சுற்றுமடலை வெளியிட்ட 1891க்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்பு இது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று எண்ணிக்கைக் கூலிக்கு மடியில் தட்டை வைத்துக் குனிந்திருக்கும் பெண்கள் நிறைந்த தென்காசிப் பகுதியில், அந்தப் பாடம் இன்னும் பழையதாகிவிடவில்லை.

குருவாகலாமா, இல்லறமா என்று சில காலம் தயங்கியபின் 1841 ஜூன் 23 அன்று அமேலி சூலாக்ருவாவை மணந்தார். அன்று முதல் ஒவ்வொரு மாதமும் 23ஆம் தேதி மனைவிக்குப் பூங்கொத்து கொடுப்பார். கடைசி நோயிலும் அதை விடவில்லை. 1845இல் பெண் குழந்தை பிறந்தது. மரி என்று பெயரிட்டார்கள். புத்தாண்டு நாளொன்றில், தாம் சந்தித்துவந்த குடும்பம் தங்களிடம் மிஞ்சியிருந்த ஒரே நல்ல மரப்பெட்டியை அடகு வைத்துவிட்டதை நினைத்து, மீட்டுக் கொடுக்கலாமா என்று மனைவியிடம் கேட்டார். செலவு கூடுதல் என்று அவர் தடுக்க, இவரும் விட்டுவிட்டார். மாலையில் மகள் பரிசுப் பொம்மைகளோடு விளையாடுவதைப் பார்த்தபின் அவரால் இருக்க முடியவில்லை. மனைவியும் போகச் சொன்னார். அன்றிரவே பெட்டியை மீட்டு அந்த வீட்டில் சேர்த்துவிட்டு மகிழ்ச்சியோடு திரும்பினார் என்று வரலாறு எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள்.

சோர்போன் பல்கலைக்கழகத்தில் 1840இல் விரிவுரையாளராக நுழைந்து 1844இல் அயல்நாட்டு இலக்கியப் பேராசிரியரானார். மாணவர்கள் அவரை வகுப்போடு விடமாட்டார்கள். லுக்சம்பூர் பூங்கா வழியாக அவர் வீடு செல்லும்போது கூடவே நடந்து கேள்வி கேட்பார்கள். நுவாரோ தமக்குச் செய்ததை அவர் தம் மாணவர்களுக்குச் செய்தார்.

1848 பிப்ரவரியில் அரசாட்சி கவிழ்ந்து குடியரசு வந்தது. ஓசானாம் அதை அச்சத்தோடு பார்க்கவில்லை. ஏழை மக்கள் பக்கம் திருச்சபை நிற்கவேண்டும் என்று எழுதினார். லாக்கோர்தேர் முதலியோருடன் சேர்ந்து புதிய யுகம் என்று பொருள்படும் பெயரில் ஒரு நாளேடு நடத்தினார். அதற்காகச் சொந்த மறையினரிடமே வசை வாங்கினார். ஜூன் மாதம் வேலையிழந்த தொழிலாளர்கள் தெருக்களில் தடுப்புகள் எழுப்பினர், இராணுவம் சுட்டது. தேசியக் காவற்படையில் அவரும் கடமைக்கு நிறுத்தப்பட்டிருந்தார். எதிரே நிற்பவர்களில் தாம் வீட்டுக்குப் போய்ப் பார்த்த குடும்பத்தவரும் இருக்கலாம். அந்த வேதனையில் அவரும் நண்பர் இருவரும் பேராயர் அஃப்ரிடம் ஓடினார்கள். ஆயர் நடுவே போனால் இரத்தம் சிந்துவது நிற்கலாம் என்றார்கள். பேராயர் இசைந்தார். தாங்களும் வருவதாகச் சொன்ன அவர்களைத் தடுத்து, ஜூன் 25 அன்று சமாதான அடையாளத்துடன் தடுப்பரணுக்குச் சென்றார். குண்டு பாய்ந்தது. ஜூன் 27 அன்று இறந்தார். அனுப்பிவைத்தவர் என்ற பாரத்தை ஓசானாம் சுமந்தே தீரவேண்டியிருந்தது. கலவரம் அடங்கியபின், தோற்ற தொழிலாளர்களின் பசித்த குடும்பங்களுக்கு உதவி கொண்டு சென்றதில் சபையினரும் இருந்தனர். மறு ஆண்டு மீண்டும் காலரா வந்தபோது நோயாளிகளின் வீடுகளுக்குச் சென்றார்கள்.

உடல் ஏற்கெனவே தளர்ந்திருந்தது. சிறுநீரக நோய். 1852இல், பேராசிரியர் வகுப்புக்கு வரவில்லை என்று மாணவர்கள் கூச்சலிடுவதாகக் கேள்விப்பட்டு, மனைவியும் மருத்துவரும் தடுத்தும் படுக்கையிலிருந்து எழுந்துபோய்ப் பாடம் நடத்தினார். வெளுத்த முகத்தைக் கண்டதும் வகுப்பு வெட்கி அடங்கியது. அதுவே அவர் கடைசி வகுப்பு. உடல் தேற இத்தாலி சென்றவர் அங்கேயும் சும்மா இருக்கவில்லை, தஸ்கனியில் சபைக் கிளைகளைத் தொடங்கிவைத்தார். ஊர் திரும்பும் வழியில் மார்செயில் முடிவு வந்தது. பாரிசில் கார்மல் புனித யோசேப்பு ஆலயத்தின் நிலவறையில் அடக்கம் செய்யப்பட்டார். அந்த ஆலயம் இன்று கத்தோலிக்கப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கிறது.

1926இல் பிரேசிலில் தொண்டை அடைப்பான் நோயால் சாகக் கிடந்த ஒன்றரை வயதுக் குழந்தை அவருடைய பரிந்துரையால் குணமானதைத் திருச்சபை புதுமையாக ஏற்றது. 1997 ஆகஸ்டு 22 அன்று, உலக இளையோர் நாளுக்காகப் பாரிஸ் வந்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், நோத்ர தாம் பேராலயத்தில் அவரை அருளாளராக உயர்த்தினார். மனைவியும் மகளும் உள்ள ஒரு பேராசிரியர், இளைஞர்களின் விழாவில் அருளாளரானார்.

அவர் சபை இன்று சுமார் 150 நாடுகளில், ஏறத்தாழ 8 லட்சம் உறுப்பினர்களோடு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டிலேயே இந்தியா வந்தது. தமிழகப் பங்குகளில் வேரூன்றியது. கல்லூரி மாணவருக்கென்று 1924இல் தோன்றி நூற்றாண்டு கண்ட ஐக்கஃப் இயக்கமும் நம்மிடம் உண்டு. ஆனால் நாம் அறிந்த சபைக் கிளைகள் சிலவற்றில் உறுப்பினர் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். இருபது வயதினர் தொடங்கியதை அவர்கள் தனியே இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். முழங்கால் வலியோடு இருவர் இருவராகப் போய்ப் பார்க்கிறார்கள். சீசன் முடிந்து சாரல் நின்றால் வருமானமும் நின்றுபோகும் குற்றாலத்து எண்ணெய் மசாஜ்காரரின் வீட்டைப் பார்க்கிறார்கள், கண் மங்கியதால் பீடி சுற்ற முடியாமல் போன கைம்பெண்ணின் வீட்டைப் பார்க்கிறார்கள்.

அந்த வீடுகளில் அரிசியைவிட அவசரமான தேவைகள் பல. கைம்பெண் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கவேண்டும், முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கவேண்டும், பேத்தியின் கல்வி உதவித்தொகைக்குக் கணினியில் பதிவு செய்யவேண்டும், இ-சேவை மையத்தில் என்னென்ன தாள் கேட்பார்கள் என்று சொல்ல ஆள் வேண்டும். பெரியவர்களுக்கு இவை தெரியாது. கைப்பேசியில் பத்து நிமிடத்தில் முடித்துவிடும் பிள்ளைகள் அதே பங்கில், அதே திருப்பலியில், கடைசி வரிசையில் நிற்கிறார்கள். கிளையின் கூட்டம் பெரும்பாலும் திருப்பலி முடிந்ததும் ஆலயத்தின் பக்கத்து அறையில்தான் நடக்கும். கதவு சாத்தியிருப்பதில்லை.